ஒரு பெயர்... எட்டுப் பேர்! பச்சை கேப்சூலில் இல்லாத வைட்டமின் இ

ஆண்டிபட்டியில் ஒரு சாயங்காலம். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மெடிக்கல் ஷாப். காலேஜ் முடித்துத் திரும்பும் வழியில் ஒரு பெண் வந்து நிற்கிறார்.

“அண்ணே, அந்தப் பச்சை கேப்சூல் ரெண்டு அட்டை குடுங்க.”

“யாருக்கும்மா?”

“ஒண்ணு எனக்கு, முடி கொட்டுது. இன்னொண்ணு எங்க அப்பாவுக்கு. ஸ்டென்ட் வெச்சதுல இருந்து ரொம்பச் சோர்வா இருக்காரு. சத்து மாத்திரைதான, அவரும் போட்டுக்கட்டும்.”

வீட்டுக்குப் போனால், அடுப்படியில் கடலெண்ணெய் ஒரு தூக்குவாளியில், நல்லெண்ணெய் ஒரு பாட்டிலில். அப்பத்தா பிடித்துவைத்த எள்ளுருண்டை டப்பாவில் அப்படியே கிடக்கிறது. அதைத் தொட ஆளில்லை.

இந்தப் பெண்ணும் இந்த வீடும் கற்பனைதான். ஆனால், இப்படியொரு வீடு இல்லாத தெரு இன்று எந்த ஊரிலும் இல்லை. ‘வைட்டமின் இ’ என்றாலே பச்சை கேப்சூல்தான் என்று ஆகிவிட்டது. அந்த கேப்சூலில் இருப்பது வைட்டமின் இ-தான், சந்தேகமில்லை. ஆனால், அது எட்டு வகையில் ஒரு வகை மட்டுமே. மீதி ஏழில் சில, அப்பத்தாவின் டப்பாவிலும் தூக்குவாளியிலும் இருக்கின்றன. அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. அந்த இரண்டாவது அட்டையை அப்பாவிடம் கொடுப்பதற்கு முன், ஒருவரிடம் கேட்டே ஆக வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

எலி சொன்ன செய்தி

1922. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள பெர்க்லி நகரம். ஹெர்பர்ட் எவன்ஸ், கேத்தரின் பிஷப் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் எலிகளுக்கு விதவிதமான உணவு கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குத் தெரிந்திருந்த எல்லா வைட்டமின்களும் சேர்ந்த உணவுதான் அது. எலிகள் நன்றாக வளர்ந்தன, கருவும் தரித்தன. ஆனால், கரு தங்கவில்லை. கொஞ்சம் லெட்டூஸ் கீரை கொடுத்ததும் குட்டி பிறந்தது. கோதுமை முளைக்கருவின் எண்ணெய் கொடுத்தபோதும் பிறந்தது. ‘டி’ வரைக்கும் பெயர் வைத்தாகிவிட்டது என்பதால், இந்தப் புதிய சத்துக்கு ‘இ’ என்று பெயர் விழுந்தது.

1936-ல் எவன்ஸின் குழு அதைத் தனியாகப் பிரித்தெடுத்து ‘டோகோஃபெரால்’ என்று பெயர் வைத்தது. கிரேக்க மொழியில் ‘டோகோஸ்’ என்றால் பிள்ளைப்பேறு, ‘ஃபெரெய்ன்’ என்றால் சுமப்பது. பிள்ளை சுமக்க வைப்பது என்று பொருள்.

பிறகுதான், இது ஒற்றை ஆள் இல்லை, ஒரு குடும்பம் என்று தெரிந்தது. குளத்தில் நீந்தும் தலைப்பிரட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தலை, ஒரு நீண்ட வால். வைட்டமின் இ மூலக்கூறின் வடிவமும் ஏறக்குறைய அதுதான். தலையில் சிறு சிறு வேறுபாடு இருப்பதை வைத்து ஆல்பா, பீட்டா, காமா, டெல்டா என்று நான்கு பேர். வாலில் இரட்டைப் பிணைப்பே இல்லாவிட்டால் அவர்கள் டோகோஃபெரால். வாலில் மூன்று இடத்தில் இரட்டைப் பிணைப்பு இருந்தால் அவர்கள் டோகோட்ரையினால். நான்கும் நான்கும் எட்டு.

எட்டுப் பேருக்கும் பொதுவான வேலை ஒன்று உண்டு. பழைய எண்ணெயில் சிக்கு வாடை வருகிறதே, அது கொழுப்பு காற்றோடு சேர்ந்து கெடுவதால் வருவது. உடம்பில் இருக்கும் ஒவ்வொரு செல்லுக்கும் கொழுப்பாலான ஒரு சுவர் உண்டு. அந்தச் சுவர் அதே மாதிரி கெட்டுப்போகாமல் காப்பதுதான் வைட்டமின் இ-யின் வேலை. எள்ளிலும் கடலையிலும் இயற்கை இதை வைத்திருப்பதும், விதைக்குள் இருக்கும் எண்ணெய் கெடாமல் இருக்கத்தான்.

கல்லீரல் என்னும் கண்டக்டர்

எட்டுப் பேரும் சாப்பாட்டில் வருகிறார்கள், குடலில் ஏறக்குறைய ஒரே மாதிரி உறிஞ்சப்படுகிறார்கள். பிறகு எல்லோரும் போய்ச் சேருமிடம் கல்லீரல். அங்கே ஒரு கண்டக்டர் நிற்கிறார். அவர் ஒரு புரதம். ஆல்பா டோகோஃபெராலைக் கண்டால் கையைப் பிடித்து ஏற்றி, ரத்தத்தில் அனுப்பிவைக்கிறார். மற்றவர்களிடம் அந்தப் பிரியம் கிடையாது. ஆல்பாவோடு அவருக்கு இருக்கும் ஒட்டுதலை 100 என்று வைத்தால், காமாவோடு 9 மட்டுமே. டெல்டாவோடு 2.

ஏறாமல் நின்றவர்களை, கல்லீரலில் இருக்கும் ஒரு நொதி வாலை வெட்டிச் சின்னதாக்குகிறது. அவர்கள் சிறுநீரில் வெளியேறிவிடுகிறார்கள்.

இந்தக் கண்டக்டர் புரதம் பிறவியிலேயே பழுதாக இருக்கும் சிலர் உண்டு. என்ன சாப்பிட்டாலும் அவர்கள் ரத்தத்தில் ஆல்பா தங்காது. நடை தள்ளாடும், கைகால் ஒருங்கிணைப்பு குறையும். ஆல்பாவை அதிக அளவில் வாழ்நாள் முழுக்கக் கொடுத்தால்தான் நோய் முற்றாமல் நிற்கும். ஆகவே, ஆல்பாதான் உடம்பின் அடிப்படைத் தேவை என்பதில் சண்டையே இல்லை. அமெரிக்காவில் 2000-ல் ஒரு நாளைக்கு 15 மில்லிகிராம் என்று நிர்ணயித்தபோது, ஆல்பாவை மட்டுமே கணக்கில் எடுத்தார்கள். இந்தியாவில் பெரியவர்களுக்குச் சொல்லப்படும் அளவு, ஒரு நாளைக்குச் சுமார் 10 மில்லிகிராம்.

அதனால்தான் கடையில் கிடைக்கும் கேப்சூலில் ஆல்பா மட்டும் இருக்கிறது. அப்படியென்றால், மீதி ஏழு பேரும் வெட்டியாக வந்து போகிறவர்களா? பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

காமா: நல்லெண்ணெயின் ஆள்

நல்லெண்ணெயில் வைட்டமின் இ இருக்கிறதா என்று ஆங்கில அட்டவணையில் தேடினால் ஏமாற்றமாக இருக்கும். 100 கிராமில் ஒன்றரை மில்லிகிராம்கூட இல்லை என்று போட்டிருக்கும். காரணம், அந்த அட்டவணை ஆல்பாவை மட்டும்தான் எண்ணுகிறது. நல்லெண்ணெயில் இருப்பது பெரும்பாலும் காமா. அதை எண்ணினால் 100 கிராமுக்கு 40 மில்லிகிராமும் அதற்கு மேலும் வருகிறது.

கடலெண்ணெய் வேறு ரகம். ஆல்பாவும் காமாவும் அண்ணன் தம்பி மாதிரி ஏறக்குறைய சரிபாதி. சூரியகாந்தி எண்ணெயில் ஆல்பாதான் ராஜா, 100 கிராமில் சுமார் 40 மில்லிகிராம். கம்பு, சோளம் இரண்டிலும் காமாவுக்குத்தான் கை ஓங்கி இருக்கிறது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் விளையும் கம்பம் பள்ளத்தாக்கு மாதிரி இல்லை ஆண்டிபட்டிப் பக்கம். மானம் பார்த்த காடு அதிகம். அந்தக் காட்டின் பழைய சாப்பாடான எள், கடலை, கம்பு, சோளம் நான்கிலும் காமா இருக்கிறது என்பது கவனிக்க வேண்டிய சங்கதி.

காமா என்ன செய்கிறது? 1997-ல் அதே பெர்க்லியிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. உடம்பில் அழற்சி, அதாவது வீக்கமும் புகைச்சலுமாக இருக்கும் நிலை ஏற்படும்போது, நைட்ரஜன் கலந்த சில கெட்ட மூலக்கூறுகள் உண்டாகின்றன. ஆல்பாவால் அவற்றை முழுதாகப் பிடித்துக்கட்ட முடிவதில்லை. காமாவின் தலையில் ஒரு இடம் காலியாக இருக்கிறது. அந்த இடத்தில் இந்த மூலக்கூறு வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆல்பாவின் தலையில் அந்த இடம் ஏற்கனவே அடைபட்டிருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

2000-ல் இன்னொன்றும் தெரிந்தது. வலி மாத்திரைகள் எந்த நொதியைக் கட்டுப்படுத்தி வலியையும் வீக்கத்தையும் குறைக்கின்றனவோ, அதே நொதியின் வேகத்தை ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் காமா குறைத்தது. வால் வெட்டுப்பட்டு வெளியேறும் காமாவின் மிச்சத்துண்டும் அதே வேலையைச் செய்தது.

இவை செல்களில் பார்த்தவை. இதை வைத்து ‘நல்லெண்ணெய் சாப்பிட்டால் மூட்டுவலி போகும்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் காமாவைக் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வில், சளியில் அழற்சிக்கான அறிகுறிகள் குறைந்தன. ஆனால், ரத்தத்தில் காமா மிக அதிகமாக இருப்பவர்களின் நுரையீரல் திறன் கொஞ்சம் குறைவாக இருந்ததாகவும் வேறு ஆய்வுகள் சொல்கின்றன. சாப்பாட்டில் வருவது ஒன்று, மாத்திரையாகக் குவிப்பது வேறொன்று என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி.

எள் செய்யும் உபகாரம்

கல்லீரலில் வாலை வெட்டும் நொதி என்று பார்த்தோமே, அதன் கையைக் கட்டிப்போட ஒரு ஆள் இருக்கிறார். அவர் இருப்பது எள்ளுக்குள்!

எள்ளில் ‘செசமின்’ என்ற பொருள் இருக்கிறது. அது அந்த நொதியை மெதுவாக்குகிறது என்று 2000-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. நொதி மெதுவானால், காமா வெட்டுப்படாமல் உடம்பில் கூடுதல் நேரம் தங்கும்.

அடுத்த ஆண்டே ஹவாய் தீவில் மனிதர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒன்பது பேர். மூன்று நாளைக்கு மஃபின் கேக் சாப்பிட்டார்கள். ஒரு சுற்றில் எள் போட்டது, ஒரு சுற்றில் வால்நட் போட்டது, ஒரு சுற்றில் சோயா எண்ணெய் போட்டது. மூன்றிலும் காமாவின் அளவு ஒன்றேதான். வால்நட்டும் சோயாவும் ரத்தத்தில் பெரிய மாற்றத்தைக் காட்டவில்லை. எள் சாப்பிட்டபோது மட்டும் காமா 19% ஏறியது. ஒரு நாளைக்கு வெறும் 5 மில்லிகிராம் காமா, மூன்றே நாள்!

ஒன்பது பேர் என்பது சின்னக் கணக்குதான். ஆனாலும், சத்தையும் கொடுத்து, அது வீணாகாமல் தங்குவதற்கான துணையையும் கூடவே அனுப்பும் உணவு எள் என்பது அதில் தெரிகிறது. அப்பத்தாவின் டப்பாவுக்கு இந்த மரியாதை போதும்.

தவிட்டோடு போன நால்வர்

இனி டோகோட்ரையினால் நால்வர். இவர்கள் எள்ளிலும் கடலையிலும் இல்லை. இருப்பது அரிசித் தவிட்டில், பாமாயிலில், பார்லியில், கோதுமையின் மேல்தோலில்.

நெல்லை அரைக்கும்போது முதலில் உமி போகிறது. அரிசி வெள்ளை வெளேரென்று வர வேண்டும் என்று தீட்டத் தீட்ட, தவிடும் போகிறது. டோகோட்ரையினால் அந்தத் தவிட்டில்தான் இருக்கிறது. கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் சின்னமனூரிலும் அறுத்த நெல் அரிசியாகி வீட்டுக்கு வருகிறது, தவிடு கழுநீரோடு கலந்து மாட்டுக்குப் போகிறது. அரிசி நமக்கு, டோகோட்ரையினால் மாட்டுக்கு!

பாமாயில் கதை வேறு. அதில் இருக்கும் வைட்டமின் இ-யில் ஏறக்குறைய 70% டோகோட்ரையினால்தான். சுத்திகரித்த பிறகும் அதில் ஒரு நல்ல பங்கு தங்குகிறது. ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்கு வாங்கும் பாமாயிலை ‘ஏழை எண்ணெய்’ என்று முகம் சுளிப்பவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்கும். அதற்காகத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் வேண்டாம். பாமாயிலில் நிறைவுற்ற கொழுப்பு நூற்றுக்கு நாற்பதுக்கு மேல். நல்லெண்ணெயில் அது சுமார் பதினைந்துதான். இதய நோய் உள்ள வீட்டில் அந்தக் கணக்குதான் முதலில் வரும்.

டோகோட்ரையினாலின் நன்மை என்ன? 1986-ல் பார்லியிலிருந்து எடுத்த டோகோட்ரையினால், கொலஸ்ட்ரால் தயாரிக்கும் நொதியின் வேகத்தைக் கோழிகளில் குறைத்தது. ‘ஸ்டாட்டின்’ மாத்திரைகள் குறிவைக்கும் அதே நொதி. பெரிய எதிர்பார்ப்பு எழுந்தது. ஆனால், மனிதர்களிடம் செய்த ஆய்வுகளில் சிலவற்றில் கொலஸ்ட்ரால் குறைந்தது, சிலவற்றில் அசையவே இல்லை. ஸ்டாட்டினை நிறுத்திவிட்டுத் தவிட்டு எண்ணெய்க்கு மாறலாம் என்று சொல்ல அதில் இடமில்லை.

மூளை விஷயத்தில் நம்பிக்கை தரும் ஒரு ஆய்வு, தமிழர்கள் நிறைய வாழும் மலேசியாவின் பினாங்கிலிருந்து 2014-ல் வந்தது. ரத்த ஓட்டக் குறைவால் மூளையின் வெண்பகுதியில் சிறு சேதங்கள் இருந்த 121 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்குப் பாமாயிலில் இருந்து எடுத்த டோகோட்ரையினால் தினம் இரண்டு வேளை 200 மில்லிகிராம், மீதிப் பேருக்கு வெறும் போலி மாத்திரை. இரண்டு ஆண்டு கழித்து ஸ்கேன் எடுத்தபோது, போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சேதம் கூடியிருந்தது. டோகோட்ரையினால் சாப்பிட்டவர்களுக்கு ஏறக்குறைய அப்படியே நின்றிருந்தது. இதனால் பக்கவாதம் குறையுமா என்று சொல்ல இன்னும் பெரிய ஆய்வுகள் வேண்டும்.

முடிக்கும் முகத்துக்கும்?

கேப்சூல் வாங்கப் போன பெண்ணின் கேள்விக்கு வருவோம். முடிக்கு வைட்டமின் இ உதவுமா?

இதிலும் பினாங்கு ஆய்வு ஒன்று இருக்கிறது. 2010-ல் வெளியானது. முடி உதிரும் 38 பேரில் 21 பேர் எட்டு மாதம் சாப்பிட்டார்கள். ஒரு குறிப்பிட்ட சிறு பரப்பில் முடியின் எண்ணிக்கை சராசரியாக 34% கூடியது. ஆனால், அவர்கள் சாப்பிட்டது டோகோட்ரையினால். பச்சை கேப்சூலில் இருப்பதோ ஆல்பா டோகோஃபெரால். யூடியூபில் ‘வைட்டமின் இ முடியை வளர்க்கும்’ என்று சொல்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை. தவிர, 38 பேரை வைத்துச் செய்த ஒரே ஆய்வை நம்பி, விலை கூடிய டோகோட்ரையினால் மாத்திரையைத் தேடி அலையவும் தேவையில்லை.

இளம்பெண்களுக்கு முடி கொட்டுவதற்குப் பெரும்பாலும் வேறு காரணங்கள் இருக்கும். ரத்தசோகை, தைராய்டு, காய்ச்சலுக்குப் பிறகான உதிர்வு, பட்டினி கிடந்து உடம்பைக் குறைப்பது. ஒரு ரத்தப் பரிசோதனை, பத்து அட்டை கேப்சூல் சொல்லாததைச் சொல்லிவிடும்.

கேப்சூலை ஊசியால் குத்தி முகத்தில் தடவும் பழக்கமும் பரவியிருக்கிறது. தழும்பு மறையுமா என்று மியாமி பல்கலைக்கழகத்தில் சோதித்து 1999-ல் முடிவை வெளியிட்டார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு ஒரு பயனும் இல்லை, அல்லது தழும்பு இன்னும் மோசமாகத் தெரிந்தது. மூன்றில் ஒருவருக்குத் தோல் அழற்சி வந்தது. முகம் சோதனைச்சாலை இல்லை.

400 யூனிட் என்ன செய்யும்?

பச்சை கேப்சூல் பெரும்பாலும் 400 யூனிட். செயற்கை முறையில் தயாரித்த ஆல்பா, உடம்புக்குப் பாதியளவே பயன்படும் என்று கழித்துப் பார்த்தாலும், 180 மில்லிகிராம் வருகிறது. ஒரு நாள் தேவையைப் போல 18 மடங்கு.

‘கூடுதலாக இருந்தால் நல்லதுதானே’ என்று தோன்றும். கண்டக்டரை நினைத்துப் பாருங்கள். ஆல்பா கூட்டமாக வந்து பஸ்ஸை நிறைத்துவிட்டால், காமாவுக்கு இருந்த ஒன்றிரண்டு சீட்டும் போய்விடும். 184 பேரை வைத்து அமெரிக்காவில் செய்த ஆய்வில், 400 யூனிட் ஆல்பாவை இரண்டு மாதம் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் காமா பாதிக்கும் கீழே போனது. 2003-ல் வெளியான முடிவு இது. அதாவது, நல்லெண்ணெயும் எள்ளுருண்டையும் கொடுத்ததைக் கேப்சூல் வெளியே தள்ளிவிடுகிறது.

இதைவிடக் கவலை தரும் கணக்குகளும் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து, 2001-ல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. ப்ராஸ்டேட் புற்றுநோயை வைட்டமின் இ தடுக்கும் என்பது எதிர்பார்ப்பு. தினம் 400 யூனிட் கொடுத்தார்கள். பலன் தெரியாததால் 2008-ல் மாத்திரையை நிறுத்தினார்கள். 2011-ல் கணக்குப் பார்த்தபோது, வைட்டமின் இ மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ப்ராஸ்டேட் புற்றுநோய் 17% அதிகமாக வந்திருந்தது.

ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-ல் வந்தது. அங்கே கொடுத்தது 50 மில்லிகிராம்தான். ப்ராஸ்டேட் புற்றுநோய் அவர்களுக்குக் குறைந்தது. ஆனால், மூளையில் ரத்தம் கசிந்து இறந்தவர்கள் அதிகம். ஒரே சத்து, ஒரு ஊரில் ஒரு பலன், இன்னொரு ஊரில் வேறு பலன். ‘சத்து மாத்திரைதானே’ என்று சொல்வதற்கு முன் யோசிக்கச் சொல்வது இதுதான்.

அப்பாவின் அட்டை

இப்போது அந்த இரண்டாவது அட்டை.

ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவார்கள். வால்வு மாற்றியவர்கள் சிலர், உறைவைத் தடுக்கும் ‘வார்ஃபரின்’ வகையைச் சாப்பிடுவார்கள். வைட்டமின் இ அதிக அளவில் போனால், அதுவும் ரத்தம் உறைவதைக் குறைக்கும். ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே-யின் வேலையில் அது குறுக்கிடுகிறது. இரண்டும் சேர்ந்தால் பல் ஈறில், மூக்கில், வயிற்றில், சில நேரம் மூளையிலும் ரத்தக்கசிவு வரும் ஆபத்து கூடுகிறது.

இதயத்துக்காவது நல்லது செய்யுமா? இதய, ரத்தக்குழாய் நோயோ சர்க்கரை நோயோ உள்ள, 55 வயது தாண்டியவர்களுக்கு, தினம் 400 யூனிட் வீதம் சுமார் ஏழு ஆண்டு கொடுத்துப் பார்த்தார்கள். 2005-ல் வெளியான முடிவு: மாரடைப்பு குறையவில்லை. இதயம் பலவீனமாகும் நிலை 13% அதிகம். அப்பாவின் வயதும் நோயும் ஏறக்குறைய இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவைதான்.

மறுபக்கமும் உண்டு. சர்க்கரை நோய் இல்லாமல், கொழுப்பு படிந்து கல்லீரல் அழற்சி வந்தவர்களுக்கு 800 யூனிட்டை 96 வாரம் கொடுத்த ஆய்வு 2010-ல் வந்தது. நூற்றில் 43 பேருக்கு முன்னேற்றம். போலி மாத்திரை எடுத்தவர்களில் 19 பேருக்கு மட்டுமே. ஆகவே, மருத்துவர் காரணத்தோடு எழுதிக்கொடுத்திருந்தால், இதைப் படித்துவிட்டுத் தானாக நிறுத்தக் கூடாது. மருத்துவர் எழுதாமல், தானாகத் தொடங்கவும் கூடாது.

அடுப்படியில் என்ன செய்யலாம்?

‘வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு’ என்பது பழமொழி. செக்காட்டும் வாணியனிடம் நல்ல எண்ணெய் வாங்கினால் வைத்தியச் செலவு குறையும் என்ற நம்பிக்கை. அதில் உண்மை இருக்கிறது, அளவும் இருக்கிறது.

* எண்ணெயை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். இட்லிப் பொடிக்கும் குழம்புக்கும் நல்லெண்ணெய், தாளிக்கவும் பொரியலுக்கும் கடலெண்ணெய், இடையிடையே தவிட்டு எண்ணெய் என்று போனால், எட்டு வகையில் பெரும்பாலானவை வீட்டுக்குள் வந்துவிடும்.

* எந்த எண்ணெயாக இருந்தாலும் ஒருவருக்கு மாதம் அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். சத்து இருக்கிறது என்பதற்காகக் கலோரி குறையாது.

* எள்ளுருண்டை ஒன்று, வறுத்த கடலை ஒரு கைப்பிடி. 30 கிராம் கடலையில் ஆல்பா மட்டும் சுமார் இரண்டரை மில்லிகிராம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் எள்ளை வெல்லம் இல்லாமல் பொடியாக்கிச் சோற்றில் பிசைந்து சாப்பிடலாம்.

* பூஞ்சை பிடித்த, கசக்கும் கடலையைத் துளியும் சேர்க்காதீர்கள். அதில் உண்டாகும் நச்சு கல்லீரலுக்குக் கேடு. செக்கில் ஆட்டக் கொடுக்கும்போதும் பார்த்துப் பொறுக்கியே கொடுங்கள்.

* பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்ச வேண்டாம். வைட்டமின் இ முதலில் அழியும், பிறகு எண்ணெயே கெடும். வெயில் படும் ஜன்னலோரக் கண்ணாடி பாட்டிலைவிட, மூடிய எவர்சில்வர் தூக்குவாளி நல்லது.

* வாரத்தில் சில நாளாவது தீட்டாத அரிசி, கம்பங்கூழ், சோளச்சோறு. தீட்டாத அரிசி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். கொஞ்சமாக வாங்கிச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள்.

* கீரை, முருங்கைக்கீரை, பாதாம் போன்றவற்றில் இருப்பது ஆல்பா. எள்ளையும் கடலையையும் சாப்பிடுவதால் இவற்றை விட்டுவிடக் கூடாது.

* எள்ளும் கடலையும் சிலருக்கு ஒவ்வாமை. உதடு வீக்கம், தடிப்பு, மூச்சுத்திணறல் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சாதாரணமாகச் சாப்பிடும் ஒருவருக்கு வைட்டமின் இ குறைபாடு வருவது மிக அரிது. கொழுப்பைச் செரிக்க முடியாத குடல், கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கும்தான் பெரும்பாலும் வருகிறது. அவர்களுக்கு மருத்துவர் பார்த்துக் கொடுப்பார். மற்றவர்களுக்குச் சாப்பாட்டுத் தட்டே போதும்.

அந்தப் பெண் இப்போது வீட்டுக்கு வந்திருப்பார். அப்பத்தாவின் டப்பாவைத் திறந்து ஓர் எள்ளுருண்டையை வாயில் போட்டுக்கொள்ளட்டும். முடி கொட்டுவதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை எழுதி வாங்கட்டும். அப்பாவின் அட்டையை மட்டும் பிரிக்க வேண்டாம். அடுத்த முறை அவர் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமோ செக்கப்புக்குப் போகும்போது, மற்ற மாத்திரைகளோடு அந்த அட்டையையும் பையில் போட்டு எடுத்துப்போய், “இதையும் சாப்பிடலாங்களா?” என்று ஒரு வார்த்தை கேட்கட்டும்.